விருதுப் படிவத்தில் ஒரு வரி: ரெக்கார்டிங் அகாதமிக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாதமியின் அறங்காவலர் குழுவினருக்கும், அவ்விருதுகளின் பிரிவுகளையும் விதிகளையும் வகுப்போருக்கும் வணக்கம்.

நான் நடனம் கற்பிப்பவள். பாப் பாடல்களுக்கு ஆட வேண்டும் என்ற ஆசையோடு வரும் இளைஞர்களுக்கு இருபது ஆண்டுகளாக வகுப்பெடுத்து வருகிறேன். உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். சிறந்த இசைக் காணொளிக்கும் சிறந்த இசைத் திரைப்படத்துக்கும் நீங்கள் விருது வழங்கும்போது, அதைப் பெறுவோர் வரிசையில் பாடகர், இயக்குநர், தயாரிப்பாளர் ஆகியோரோடு நடனத்தை அமைத்தவரையும் சேர்க்க வேண்டும். தனி விருதுப் பிரிவு வேண்டுமா என்பதைப் பின்னர் பேசலாம். முதலில் பெயர் வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு 'திரில்லர்' காணொளியின் கூட்டு நடனத்தை முதற்பாடமாக வைப்பது என் வழக்கம். தோள் ஒருபுறம் வெட்டி ஏற, தலை மறுபுறம் சாய, விரல்கள் நகங்களாக வளைந்து இடமும் வலமும் காற்றைப் பிறாண்டும் அந்த அசைவை முன்பே பார்த்திராத ஒருவரும் இதுவரை என் வகுப்புக்கு வந்ததில்லை. இதை அமைத்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் தயங்காமல் மைக்கேல் ஜாக்சன் என்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதி மைக்கேல் பீட்டர்ஸ் என்ற நடன இயக்குநர். பிணங்கள் எழுந்து ஆட வேண்டும், ஆனால் பார்ப்பவர்கள் சிரித்துவிடக் கூடாது என்ற கடினமான சிக்கலை ஜாக்சனோடு சேர்ந்து அவிழ்த்தவர் அவர். இருபது ஆண்டுகளில் அவர் பெயரைச் சொன்ன மாணவர்கள் இருவர்.

பீட்டர்ஸ் மறைந்திருந்து வேலை செய்தவர் அல்லர். ஜாக்சனின் 'பீட் இட்' காணொளியில் வெள்ளை உடையும் கறுப்புக் கண்ணாடியுமாக மோதலுக்கு வரும் கும்பல் தலைவர் அவரேதான். அதன் நடனத்தை அமைத்தவரும் அவரே. 1982இல் மேடை இசை நாடகம் ஒன்றுக்காக மைக்கேல் பென்னட்டோடு சேர்ந்து, அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருதைப் பெற்றார். 1984இல் எம்டிவி தன் முதலாவது காணொளி விருது விழாவை நடத்தியபோது, சிறந்த நடன அமைப்புக்கான விருது 'திரில்லர்' காணொளிக்குச் சென்றது. ஆக, நாடக உலகமும் தொலைக்காட்சி உலகமும் அவரை அறிந்திருந்தன. அதே 1984இல் நீங்கள் ஜாக்சனுக்கு ஒரே இரவில் எட்டு கிராமி விருதுகளை வழங்கினீர்கள். மறு ஆண்டில், அந்தக் காணொளி உருவான விதத்தைக் காட்டும் படத்துக்கும் ஒரு விருதைக் கொடுத்தீர்கள். விருது பெற்றோர் வரிசையில் பீட்டர்ஸ் இல்லை. 1994இல் 46ஆம் வயதில் அவர் மறைந்தார். 2007இல் பிலிப்பைன்ஸின் செபுவில் உள்ள ஒரு சிறையின் முற்றத்தில் ஏறத்தாழ 1,500 கைதிகள் அதே நடனத்தை ஆடிய காட்சி உலகெங்கும் பரவியது. அவர்கள் ஆடியது பீட்டர்ஸின் கைவண்ணம். அதைப் பார்த்த கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அவரை நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

இது பழைய கதை என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றைச் சொல்கிறேன். 2008இல் வெளிவந்த பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' காணொளியில் அரங்க அமைப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. வெறும் பின்னணி, கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பு, மூன்று பெண்கள். கண்ணுக்கு விருந்தாக இருந்ததெல்லாம் நடனமே. உயர்த்திய கையின் மணிக்கட்டை முன்னும் பின்னும் திருப்பும் அந்த ஒற்றை அசைவைச் செய்துகாட்டினால் போதும், பாட்டின் மெட்டை மறந்தவருக்கும் பாட்டு நினைவுக்கு வந்துவிடும். அந்நடனத்தை அமைத்தவர்கள் ஃபிராங்க் கேட்சனும், அப்போது இருபது வயதைக்கூட எட்டாத ஜாக்வெல் நைட்டும். 2009இல் எம்டிவி நடன அமைப்புக்காக அதற்கு விருது வழங்கியது. 2010இல் நீங்கள் அதே பாடலுக்கு ஆண்டின் சிறந்த பாடல் விருதை அளித்து, அதை எழுதிய நால்வரையும் பெயர் சொல்லி மதித்தீர்கள். அந்த நால்வரும் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் அந்தப் பாடல் கேட்பவரின் காதோடு நில்லாமல் உடம்பிலும் ஏறிக்கொண்டதற்குக் காரணமானவர்களை அழைக்க உங்கள் விழாவில் ஒரு பெயர்ப்பலகைகூட இருக்கவில்லை.

நடனம் அமைப்பது என்றால் என்ன என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பாட்டுக்கு ஏற்ற அடிகளைத் தேர்ந்தெடுத்துக் கோப்பதுதானே என்று இசைத்துறையில் இருப்பவர்களே நினைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நடன இயக்குநர் பாட்டைக் கேட்கும் விதமே வேறு. எட்டுத் தாள அடிகள் கொண்ட எட்டுக் கணக்குகளாக அதைப் பிரித்து, எந்தக் கணக்கில் டிரம்மை உடம்பு வாங்க வேண்டும், எந்தக் கணக்கில் டிரம்மை விட்டுவிட்டுப் பாடுபவரின் மூச்சோடு போக வேண்டும், எங்கே ஒன்றுமே செய்யாமல் நின்றால் அடுத்த அடி இடியாக விழும் என்று அவர் முடிவு செய்கிறார். 'ஐந்து, ஆறு, ஏழு, எட்டு' என்று ஒத்திகைக்கூடத்தில் ஒலிக்கும் குரலுக்கு முன்னால், அவர் தனியறையில் ஒரே நான்கு வினாடிகளை நூறு முறை ஓடவிட்டுக் கேட்டிருப்பார். பாடகருக்கு மூச்சு வாங்கும் இடம் தெரிய வேண்டும். கேமரா எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது தெரிய வேண்டும். முழங்கால் வலியோடு ஆடும் நடனமணிக்கு எந்த அடியை மாற்றித் தர வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். பாட்டின் அமைப்பைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் இந்த வேலை, எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டும் என்று வகுக்கும் இசை ஏற்பாட்டாளரின் வேலைக்கு மிக நெருங்கிய உறவு. ஏற்பாட்டாளர்களுக்கு நீங்கள் பல்லாண்டுகளாக விருது வழங்கி வருகிறீர்கள்.

என் சொந்த அனுபவத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இளவயதில் ஒரு பாடகியின் காணொளிக்கு நான் நடனம் அமைத்தேன். பதினாறு பேர், நான்கு வார ஒத்திகை. சதுரக் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டுக் கணக்கு வைத்து, ஆடுபவர்களின் பெயரின் முதலெழுத்தை வட்டமிட்டு, யார் எங்கிருந்து எங்கே நகர வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. காணொளி வெளியானபோது இறுதியில் ஓடிய பெயர்ப்பட்டியலில் உடை தைத்தவர் பெயர் இருந்தது, விளக்குப் பிடித்தவர் பெயர் இருந்தது, உணவு ஏற்பாடு செய்தவர் பெயரும் இருந்தது. அவை இருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. என் பெயர் மட்டும் இல்லை. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதவில்லையே என்றார்கள். அது உண்மைதான், எழுதவில்லை. எழுதிக் கேட்க வேண்டும் என்பதை அந்த வயதில் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

பெயரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், இத்தொழிலில் பெயரைத் தவிர வேறு சேமிப்பு பெரும்பாலும் இல்லை. பாட்டை எழுதியவருக்கு அது ஒலிக்கும் காலமெல்லாம் ராயல்டி வந்துகொண்டிருக்கும். நடன இயக்குநருக்கு வழக்கமாக ஒருமுறை தரப்படும் ஊதியத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது. காணொளி நூறு கோடி முறை பார்க்கப்பட்டாலும் அந்தத் தொகை மாறாது. நடனக் கலைஞராகத் தொடங்கி, மூத்தவர் ஒருவருக்கு உதவியாளராக இருந்து, பிறகு தனியாக அமைத்து, அதன்பின் ஒரு பாடகரின் முழு மேடைக்கும் பொறுப்பேற்கும் இந்தப் பாதையில் ஒவ்வொரு படிக்கும் முந்தைய வேலையைச் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது. பெயர் பதியாத வேலையை எப்படிக் காட்டுவது? உடம்பு ஒத்துழைக்கும் ஆண்டுகளோ மிகக் குறைவு.

சட்டம் உதவாதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பைத் தனிப் படைப்பாகவே ஏற்றுக்கொண்டது. 1978இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் உள்ள உரிமை பாப் இசை உலகத்துக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஜாக்வெல் நைட் 'சிங்கிள் லேடீஸ்' நடனத்துக்குப் பதிப்புரிமையைப் பதிவு செய்தது 2020இல்தான், அதாவது காணொளி வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. அதற்குமேல் பணி ஒப்பந்தம் என்ற தடை இருக்கிறது. நவீன நடனத்தின் தாய் என்று போற்றப்படும் மார்த்தா கிரஹாமின் படைப்புகளில் பெரும்பாலானவை அவருடைய வாரிசுக்கு அல்ல, அவர் பணிபுரிந்த நடன மையத்துக்கே சேரும் என்று 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே நிலை இதுவென்றால், வாரக் கூலிக்கு வரும் இருபத்திரண்டு வயது நடன இயக்குநர் ஒப்பந்தத்தில் எந்த வரியைத் திருத்தச் சொல்ல முடியும்?

இருந்தாலும் அண்மையில் வந்த ஒரு தீர்ப்பை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது இசைக் கலைஞர்களான உங்களுக்கு எளிதில் விளங்கும். சார்லி புத் பாடிய பாடல் ஒன்றுக்குத் தான் அமைத்த நடனத்தின் ஒரு பகுதி, ஃபோர்ட்நைட் என்ற காணொளி விளையாட்டில் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டு விலைக்கு விற்கப்பட்டதாக நடன இயக்குநர் கைல் ஹனகாமி 2022இல் வழக்குத் தொடுத்தார். எடுத்தாளப்பட்டது நான்கு தாள அடிகளுக்குள் அடங்கும் சிறு துண்டுதான் என்றும், தனித்தனி நிலைகளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்றும் கூறிக் கீழமை நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பரில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. நடனத்தை வெறும் நிலைகளாகப் பிரித்துப் பார்ப்பது, இசையை வெறும் சுரங்களாகப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒப்பாகும் என்று அது விளக்கியது. பின்னர் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. சட்டம் படித்த நீதிபதிகள் நடனத்தைப் புரிந்துகொள்ள இசையை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். இசைக்கென்றே இருக்கும் அமைப்பு அந்த உறவைக் காணாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தென்கொரியாவில் ஒரு பெண்கள் இசைக்குழுவின் நடனத்தைப் பயிற்சிப் பள்ளி ஒன்று அனுமதியின்றிக் கற்பித்தது தொடர்பான வழக்கில், 2011இலேயே சியோல் நீதிமன்றம் அந்நடனத்தைப் படைப்பாகவே ஏற்றது. மாணவர்களுக்குப் பிறர் நடனங்களைக் கற்பிப்பவள் என்ற முறையில் அத்தீர்ப்பு என்னையும் சற்றே சுடுகிறது. அதனாலேயே இப்போதெல்லாம் ஒரு நடனத்தைக் கற்பிக்கத் தொடங்குமுன் அதை அமைத்தவரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறேன். சில நேரம் அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்கே அரை நாள் போய்விடுகிறது.

இனிப் படைப்பு இயக்குநர்களைப் பற்றி. நடன இயக்குநர்களில் பலர் காலப்போக்கில் இப்பொறுப்புக்கு உயர்கிறார்கள். பாடல்களின் வரிசை, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நகரும் விதம், மேடை எங்கே பிளந்து எங்கே உயர வேண்டும் என்பது, ஒளி, உடை, பின்னணித் திரை, உடை மாற்றக் கிடைக்கும் நாற்பது வினாடிகளை யாரை வைத்து நிரப்புவது என்பது வரை ஒரே மனத்தில் கோத்துப் பார்ப்பவர் அவர். வின்சென்ட் பேட்டர்சனின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று. 'பீட் இட்' காணொளியில் பீட்டர்ஸை எதிர்த்து நின்ற மற்றொரு கும்பல் தலைவராக ஆடியவர் அவர்தான். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1990இல், மடோனாவின் 'பிளாண்ட் அம்பிஷன்' உலகச் சுற்றுப்பயணத்தை இயக்கி நடனமும் அமைத்தார். பாப் கச்சேரியை நாடகத்துக்குரிய காட்சிப் பகுதிகளாகப் பிரித்த அந்த மேடை, பின்னால் வந்த எத்தனையோ சுற்றுப்பயணங்களுக்கு வழிகாட்டியது. அதன் காணொளிப் பதிவுக்கு 1992இல் நீங்கள் விருது வழங்கினீர்கள். மேடையில் ஏற்கெனவே உருவாகியிருந்ததைப் படம் பிடித்தவர்களுக்கு அதில் பங்கு கிடைத்தது. அதை உருவாக்கியவருக்குக் கிடைக்கவில்லை. ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன் 1814' நீள்காணொளிக்கு 1990இல் கிடைத்த விருதும் இதே வகைதான். இராணுவ அணிவகுப்பைப் போன்ற அந்த இறுக்கமான கூட்டு நடனத்தை ஜேனட்டோடு சேர்ந்து அமைத்த ஆண்டனி தாமஸுக்கு அதில் இடமில்லை.

இன்றைய நிலையில் இந்தப் புறக்கணிப்பு இன்னும் கூடுதலாக உறுத்துகிறது. 1992இல் மைக்கேல் ஜாக்சனின் 'ரிமெம்பர் த டைம்' காணொளிக்கு நடனம் அமைத்த ஃபாத்திமா ராபின்சன், 2023இல் பியான்சேயின் 'ரெனசான்ஸ்' சுற்றுப்பயணத்தின் நடனத்துக்குத் தலைமை ஏற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் முன்வரிசையில் நிற்பது எந்தக் கலையிலும் அரிது. ஆக்லாந்தில் தன் நடனக் குழுவை வளர்த்த பாரிஸ் கோபெல், 2015இல் ஜஸ்டின் பீபரின் 'சாரி' காணொளிக்கு நடனம் அமைத்ததோடு அதை இயக்கவும் செய்தார். அக்காணொளியில் முழுக்க முழுக்க ஆடுவது பெண் நடனக் கலைஞர்களே. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 149 நிகழ்ச்சிகள் கொண்ட 'ஈராஸ்' சுற்றுப்பயணத்துக்கு நடனம் அமைத்தவர் மேண்டி மூர். இவர்களை விலக்கிவிட்டு இன்றைய பாப் இசை வரலாற்றை எழுத முடியாது.

உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். இது ஒலிப்பதிவுக்கான விருது, நடனம் ஒலியல்ல என்பது முதல் மறுப்பு. 1959இல் நடந்த உங்கள் முதல் விழாவிலேயே இசைத்தட்டின் உறைக்கு விருது இருந்தது. ஃபிராங்க் சினாட்ரா அன்று வென்றது பாட்டுக்காக அல்ல, உறையின் கலை இயக்கத்துக்காக. இசைத்தட்டோடு அச்சாகி வரும் உறைக்குறிப்பை எழுதியவருக்கு இன்றும் நீங்கள் விருது தருகிறீர்கள், அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அட்டையும் எழுத்தும் ஒலி அல்ல. நாடகத்துறையோ 1947இல் டோனி விருதுகளைத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே ஆக்னஸ் டி மில்லையும் மைக்கேல் கிட்டையும் நடன அமைப்புக்காக மேடையேற்றியது.

இரண்டாவது மறுப்பு சற்று வலுவானது. நடனத்தில் எது யாருடையது என்று பிரிப்பது கடினம் என்பார்கள். உண்மைதான். 'சிங்கிள் லேடீஸ்' நடனமே பாப் ஃபாஸி 1969இல் அமைத்த ஒரு தொலைக்காட்சி நடனத்தின் தாக்கத்தில் பிறந்தது. 2011இல் பியான்சேயின் மற்றொரு காணொளியில், பெல்ஜிய நடன இயக்குநர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1983இலும் 1990இலும் படைத்த நடனங்களின் அசைவுகள் இடம்பெற்றது பெரும் சர்ச்சையானது. ஆனால் இந்தச் சிக்கல் என் கோரிக்கைக்கு எதிரானது என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் குறிப்பிடும் வழக்கம் வந்தால், படிவத்தை நிரப்புபவர் யாரிடமிருந்து எதை எடுத்தோம் என்று ஒருமுறையாவது நின்று யோசிப்பார். பாடல்களில் பழைய பதிவுகளின் துண்டுகளை எடுத்தாளும்போது மூலப் படைப்பாளர்களின் பெயரைச் சேர்க்க இசைத்துறை கற்றுக்கொண்டது. அதற்கும் தொடக்கத்தில் இதே தயக்கம் இருந்தது. பாடகரும் சேர்ந்து அமைத்திருந்தால் இருவர் பெயரையும் போடலாம். பாட்டெழுதியவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் பத்துப் பேரையும் போடுகிறீர்கள் அல்லவா?

விருதுக் கோப்பைகளின் எண்ணிக்கை பெருகிவிடும் என்ற கவலையும் இருக்கலாம். அதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உங்களால் மாற முடியும் என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். பாடலாசிரியர்களின் நெடுநாள் குறையைக் கேட்டு, 2023 விழாவில் ஆண்டின் சிறந்த பாடலாசிரியர் என்ற புதிய பிரிவைத் தொடங்கினீர்கள். அதே ஆண்டில் காணொளி விளையாட்டுகளுக்கான பின்னணி இசைக்கும் தனிப் பிரிவு வந்தது. நான் கேட்பது அவற்றைவிட எளிதானது. காணொளியையும் இசைத் திரைப்படத்தையும் விருதுக்குப் பரிந்துரைக்கும் படிவத்தில் 'நடன அமைப்பு' என்று ஒரு வரியையும், மேடை நிகழ்ச்சிகளின் பதிவாக இருந்தால் 'படைப்பு இயக்கம்' என்று இன்னொரு வரியையும் சேருங்கள். நடனம் இல்லாத காணொளிக்கு அந்த வரி காலியாக இருக்கட்டும். நடனமே உயிராக உள்ள காணொளி வெல்லும்போது, அந்த வரியில் உள்ளவரும் மேடைக்கு வரட்டும். அதோடு, உங்கள் இணையப் பதிவேட்டில் உள்ள பழைய விருதுகளுக்கும் நடனம் அமைத்தவர்களின் பெயரைக் குறிப்பாகச் சேர்க்க ஒரு சிறு குழுவை அமையுங்கள். அவர்களுள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் என்னிடம் புதிய மாணவர்கள் சேருகிறார்கள். வழக்கம்போல் 'திரில்லர்' நடனத்திலிருந்து தொடங்குவேன், பலகையில் மைக்கேல் பீட்டர்ஸ் என்று எழுதுவேன். இவருக்கு கிராமி கிடைத்ததா என்று யாராவது கேட்பார்கள், ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நடன ஆசிரியை ஒருவர்